மாமனார் வேட்டியும் முசுறுக் கயிறும்

எனக்குப் பயம் வந்தால் வாய் அடைத்துவிடும். (மற்ற நேரங்களில் அடைப்பதே இல்லை என்பது என் வீட்டுக்காரரின் குறை.) அந்த வாய் ஒரே ஒரு நாள் சமயத்துக்குத் திறந்திருந்தால், ஒரு பெரிய மனிதர் வாய்க்காலில் போய் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

வெள்ளைக்காரன் காலம். மதுரை டவுனில் வளர்ந்த நான், சோழவந்தான் பக்கம் ஒரு மாந்தோப்பு வீட்டுக்கு மருமகளாக வந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. மாமனார் முன்கோபி என்று கேள்வி. "சின்னத் தப்புன்னாலும் வண்டி கட்டி பொறந்த வீட்டுக்கே அனுப்பிருவாராம், பாத்து நடந்துக்க" என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். மருமகள் மாமனாரோடு பேசும் வழக்கமும் அந்த வீட்டில் இல்லை. அவர் செருமினாலே நான் அடுப்படிக்குள் ஓடிவிடுவேன்.

நல்ல பெயர் வாங்கலாமென்று அன்று காலை அவர் வேட்டியைத் துவைத்தேன். மாமரத்துக்கு மாமரம் கயிறு கட்டியிருந்தது. துணி காயப்போட எம்புட்டு வசதி என்று மெச்சிக்கொண்டே போட்டுவிட்டு வந்தேன்.

மத்தியானம் மாமியார் அவசரமாகக் கூப்பிட்டார். "விவசாய ஆபீசர் வந்திருக்காராம். மாமா வேட்டிய எடுத்துட்டு வாத்தா." ஓடிப்போய் உருவி, சுருட்டிக்கொண்டு வந்து கொடுத்தேன். விரலில் சுருக்கென்றது. என்னவென்று பார்ப்பதற்குள் மாமா அதைக் கட்டிக்கொண்டு வாசலில் போய் அமர்ந்துவிட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

மாம்பூவை அழிக்கும் பூச்சிக்கு மருந்து அடிக்கச் சொன்னார் அதிகாரி.

"மருந்து எதுக்குங்கய்யா? பூச்சிய முசுறு பிடிச்சுத் தின்னுரும்" என்றார் மாமா. (மரத்தில் இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டும் சிவப்பு எறும்புதான் முசுறு.) "அது மரம் விட்டு மரம் போகத்தான் கயிறு கட்டி விட்டிருக்கேன். நாம சீண்டாட்டி அது நம்மளச் சீண்டாது."

விரலைப் பார்த்தேன். சிவப்பு எறும்பு ஒன்று கடித்த பிடியை விடாமல் தொங்கியது. வேட்டிக்குள் எத்தனையோ! சொல்லியாக வேண்டும், ஆனால் வாய் அடைத்துவிட்டது.

மாமா பேச்சைப் பாதியில் நிறுத்தினார். நெற்றியில் வேர்வை, கண் சிவந்தது.

"கடிக்காதா?" என்று கேட்டார் அதிகாரி.

"கடிக்காதுங்கய்யா" என்றார் மாமா, பல்லைக் கடித்துக்கொண்டு.

அதைக் கோபம் என்று நினைத்த அதிகாரி, குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மாமா எழுந்தார். ஓடவில்லை, நடந்தே போய் வாய்க்காலில் கழுத்தளவு அமர்ந்தார்.

சொட்டச் சொட்டத் திரும்பி வந்தவர், "வேட்டி எங்க காஞ்சுச்சு?" என்றார். மாமியார் என்னைப் பார்த்தார். நான் கயிற்றைக் காட்டினேன். மாமா அதில் ஊர்ந்த முசுறு வரிசையைப் பார்த்தார். பிறகு மாமியாரிடம், "காலையில வண்டி கட்டச் சொல்லு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

என் வாழ்க்கை எட்டே நாளில் முடிந்தது. விடிந்ததும் தகரப் பெட்டியோடு வாசலில் நின்று அழுதேன்.

"எங்கத்தா கெளம்பிட்ட?" என்றார் மாமியார்.

"வண்டி..."

"அது மூங்கி வாங்கப் போகுது. நீ துணி காயப்போட வேற கொடி கட்டணுமாம்."

அதற்குப் பிறகு மாமா இருபது வருஷம் இருந்தார். என்னை ஒரு சொல் கடிந்ததில்லை. ஆனால் நான் கொடுத்த வேட்டியை மூன்று தரம் உதறாமல் ஒரு நாளும் கட்டியதில்லை. இன்று டவுனில் மச்சு வீட்டில் இருக்கிறோம், தோப்பும் இல்லை, முசுறும் இல்லை. என் மகன் மட்டும் நான் எடுத்துக் கொடுக்கும் சட்டையை மூன்று தரம் உதறிவிட்டுத்தான் போட்டுக்கொள்கிறான்.