நேரத்துக்குச் சாப்பிடுவது பற்றி ஒரு கூட்டம்

மனிதன் தன் உடம்பைத் தானே பார்த்துக்கொள்ளலாம் என்ற பேருண்மையை உலகுக்கு அருளியது அந்த அலுவலகத்தின் எழுவர் குழுதான். அதுவரை சர்க்கரை நோயாளிகள், குழு ஏதுமில்லாமல், வெறும் மருந்தை வைத்துக்கொண்டு எப்படியோ காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆய்வுப் பொருள்: ‘சுய பராமரிப்பைப் பாதிக்கும் காரணிகள்’. ஆய்வுக்கு ஒரு நோயாளி வேண்டுமே! தபால் பிரிவு எழுத்தர் அகப்பட்டார். பதினோரு வருடச் சர்க்கரை. அலுவலகத்தில் அவர் பெயரே ‘சுகர் சார்’தான்.

அன்று பன்னிரண்டரை மணிக்கு இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பாட்டு டப்பாவைத் திறக்கப்போனார். குழுவின் கூட்டத்துக்கு அழைப்பு வந்தது.

“இப்பதான் ஊசி போட்டேன் சார். ரெண்டு வாய் சாப்பிட்டு வந்துடறேன்.”

“அஞ்சே நிமிஷம்,” என்றார் குழுத் தலைவரான மேலாளர். “உங்க நல்லதுக்குத்தானே இத்தனை பேர் உட்கார்ந்திருக்கோம்?”

முதலில் வரவேற்புரை. பிறகு வரவேற்புரைக்கு நன்றியுரை. ஒன்றேகாலுக்கு முதல் கேள்வி பிறந்தது.

“நேரத்துக்குச் சாப்பிடறீங்களா?”

“இல்ல சார்.”

“ஏன்?”

“இங்க இருக்கேனே சார்.”

“‘நோயாளி ஒத்துழைக்கவில்லை’ன்னு எழுதிக்கோங்க,” என்றார் மேலாளர்.

சுகர் சாருக்குக் கை நடுங்கியது. சட்டை தொப்பலாக நனைந்தது. எதிரே ஏழு பேர் பதினான்கு பேராகத் தெரிந்தார்கள். குழுவை விரிவாக்கிவிட்டார்கள் போலும் என்று நினைத்துக்கொண்டார்.

தேநீர் கொண்டுவந்த அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். தட்டைப் போட்டது போட்டபடி, ஒரு பிடி சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கி அவர் வாயருகே வைத்தாள். “குடிங்கண்ணே. மெதுவா.”

“சுகர் பேஷண்டுக்குச் சர்க்கரையா!” மேலாளர் அலறினார். “அறிவிருக்கா உனக்கு?”

“அவருக்குச் சுகர் இறங்கிடுச்சு சார். எங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் வரும். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, காத்து வரட்டும்.”

ஏழு பேரும் தள்ளி நின்றார்கள். குழு எடுத்த நடவடிக்கைகளில் உருப்படியானது அது ஒன்றுதான். கால் மணி நேரத்தில் சுகர் சார் நிமிர்ந்து உட்கார்ந்து, டப்பாவைக் கேட்டார்.

மறுநாளே அறிக்கை தயார். காரணிகள் இரண்டு: நோயாளியின் அலட்சியம், தேநீர்ப் பணியாளரின் அறியாமை. அக்காவிடம் விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணையும் இணைத்திருந்தார்கள். நோயாளி கையெழுத்திட்டால் போதும்.

இத்தனை வருடம் நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டவர், அக்காவின் பெயரைப் பார்த்ததும் பேனாவைத் திறந்து இரண்டு காரணிகளையும் அடித்தார்.

“என்ன பண்றீங்க?” என்றார் மேலாளர்.

“சின்னத் திருத்தம் சார்.”

அடித்த இடத்தில் குழுவினர் அத்தனை பேர் பெயரையும், பதவி வரிசை பிசகாமல், அழகாக எழுதினார் சுகர் சார். பிறகு முதல் பெயரின்மேல் விரலை வைத்து, பணிவாகக் கேட்டார்:

“உங்க இனிஷியல் சரியா இருக்கா சார்?”