வட்டாரத்தாரின் சின்னவிரல்

லண்டன் மோர்டனில் எங்கள் வட்டாரத்தைப்பற்றி, நாங்கள் வட்டாரத்தார் என்று பட்டம் வைத்த மனிசனுக்குத் தெரிந்த அளவு கவுன்சிலுக்கே தெரியாது. இதுவரை இருந்த கவுன்சிலர்மார் ஆர், ஆரை ஆர் தோற்கடித்தது, எந்த ரோட்டுக்கு ஆர் லைட் போட்டது, எல்லாம் மனப்பாடம். ஆனால் அந்த மனிசனுக்கு வாக்கு மட்டும் இல்லை. வாக்குப்போடும் வயது வந்தபோது ஊரில் யுத்தம், வாக்குப்போட வழியில்லை. இங்கே வந்தால் விசா இல்லை. குரோய்டன் குடிவரவுக் கந்தோரில் அவருடைய பைல் பதினாலு வருசமாய் நித்திரை.

ஒரே வீட்டில் அவரோடு சேர்த்து ஐந்து பேர் அறை எடுத்து இருந்தோம். வேலை செய்ய அனுமதி இல்லாததால் அவர் பகல் முழுக்க லைப்ரரியில் பழைய உள்ளூர்ப் பேப்பர்களைக் கிண்டிக் கொப்பியில் எழுதுவார். வெள்ளைக்காரப் பெயர்கள் வாயில் நுழையாது. ரோட்டில் குப்பைத்தொட்டி வைத்த கவுன்சிலர் குப்பைத்தொட்டியார். பஸ் நிறுத்தத்தில் ஆக்கள் இருக்க வாங்கு போடுவித்தவ வாங்கம்மா. எங்கள் சீவியத்தையும் அந்தக் கணக்கில்தான் சொல்லுவார். நான் லண்டன் வந்தது வாங்கம்மாவின் இரண்டாம் தவணையிலாம். என் கலியாணப் பேச்சு குழம்பியது குப்பைத்தொட்டியார் தோற்ற கிழமையாம். இரண்டில் எதற்கு மனிசன் கூடுதலாய்க் கவலைப்பட்டார் என்று கேட்காதீர்கள்.

தேர்தலன்று விடியவே எங்கள் சேர்ட்டுகளை அயன் பண்ணி வைத்துவிடுவார். ஒருமுறை ஷிப்ட் முடிந்து வந்த களைப்பில், ஆர் வென்றால் எனக்கென்ன என்று போர்த்துக்கொண்டு படுத்தேன். போர்வையை இழுத்தார்.

“எனக்கு இல்லாதது உனக்கு இருக்கு. எழும்பு.”

வாக்குப் போட்டுவிட்டு வந்துதான் படுத்தேன்.

கடைசியில் விசா வந்தது. வேலை தேடமுதல் வாக்காளர் பட்டியலில் பெயர் பதிந்தார். அடுத்த தேர்தலுக்குக் கோட்டும் சூட்டும். துணைக்கு நான். மறைப்புக்குள் போனவர் வெளியே வர ஒரு யுகம் எடுத்தது. வாக்குத் துண்டை நாலாய் மடித்துப் பெட்டியில் போட்டார். பிறகு மேசையில் இருந்த பெண்மணியிடம் போய் இடக்கைச் சின்னவிரலை நீட்டினார்.

அந்த மனிசி ஒன்றும் விளங்காமல் கையைப் பிடித்துக் குலுக்கி நன்றி சொன்னா. அவர் விரலைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் நீட்டினார். பின்னால் வரிசை நீண்டது. இங்கே மை பூசுற பழக்கம் இல்லை அண்ணை என்று ஒருமாதிரி வெளியே கூட்டிவந்தேன். எனக்குச் சிரிப்பை அடக்க ஏலவில்லை.

அவர் சிரிக்கவில்லை. வாங்கம்மாவின் வாங்கில் போய் இருந்துகொண்டு விரலையே பார்த்தார்.

“ஊரில என்னைப் பெத்த ஐயா வாக்குப்போட்டிட்டு வந்தால் மை அழியுமட்டும் இந்த விரலை நனைக்கமாட்டார், தம்பி. எனக்கும் ஒருநாள் பூசுவாங்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்.”

என் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. நான் வேலை செய்யிற கடையில் பெட்டிகளுக்கு விலை எழுதும் ஊதா மார்க்கர் என் பொக்கெற்றில் இருந்தது. விரலைப் பிடித்து நகம் வரைக்கும் பூசிவிட்டேன். மனிசன் அந்த விரலைத் தூக்கிப் பிடித்தபடி தமிழ்க்கடைகள் இருக்கிற டூட்டிங் வரைக்கும் போய், தெரிந்த கடையெல்லாம் ஏறி இறங்கிக் காட்டிவிட்டு வந்தார்.

போன மாரிக்குளிரில் வட்டாரத்தார் செத்துப்போனார். கொப்பி என்னிடம் இருக்கிறது.

இந்தமுறை தேர்தலுக்குப் போர்வையை இழுக்க ஆளில்லை. நானே எழும்பினேன். கசங்கின சேர்ட்டோடு போய் வாக்குப் போட்டுவிட்டு, அதே வாங்கில் வந்திருந்து மார்க்கரை எடுத்து என் சின்னவிரலில் பூசினேன். மூன்று நாளாயிற்று. கழுவ மனம் வரவில்லை.