வேலணைக் கந்தோரின் நலன் வருஷம்

யோகாசன வகுப்புக்கு ஒருவரும் வரவில்லை. கந்தோர் விறாந்தையில் விரித்த பாய்களைக் காற்று சுருட்டிக்கொண்டிருந்தது. நடுவில் பிரியவதனி மட்டும், அழுவதா மூச்சை இழுப்பதா என்று தெரியாமல் சம்மணமிட்டு இருந்தாள்.

வேலணையில் கற்பகச்சோலைக் கூட்டுறவுச் சங்கத்தின் அந்த அலுவலகத்துக்கு அவள் புதுசு. முகாமையாளர் வேதநாதன்தான் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

"பிள்ளை, இனி வருஷம் முழுக்க ஊழியர் நலன் பாக்கவேணும். தையிலை யோகாசனம், மாசியிலை பிறசர் சோதினை, பங்குனியிலை கட்டாயம் ஒரு கடல் பயணம். மிச்ச மாசத்துக்கு நீர் யோசியும். எல்லாரும் பங்குபற்றினால் உம்மை நிரந்தரமாக்கிறன்."

நிரந்தரம்! வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் வேலை. மத்தியானம் சைக்கிளில் போய்ச் சுடுசோறு தின்னலாம். அதைக் கைவிட யாருக்கு மனம் வரும்? அதற்காகத் தலைகீழாக நிற்கவும் அவள் தயார். அன்று காலை நின்றும் காட்டினாள். பார்க்கத்தான் ஆளில்லை.

"மார்க்கண்டு அண்ணை, ஏன் வரேல்லை?"

களஞ்சியம் பார்க்கும் மார்க்கண்டு கதவை அரைவாசி மூடிக்கொண்டுதான் பதில் சொன்னார்.

"பிள்ளை, இந்தக் கந்தோரிலை ஆரும் சும்மா நல்லது செய்வினமே? முந்தி ஒருக்கா எல்லாருக்கும் ரோல்ஸும் தேத்தண்ணியும் தந்தவை. அடுத்த கிழமை கைலாசநாதனை நெடுந்தீவுக் கிளைக்கு மாத்திப்போட்டினம். அந்தாள் இப்ப பென்சனிலை வந்திட்டுது. அங்கை அந்த வேலைக்கு ஆளில்லாமல் கதிரை சும்மா கிடக்கு. விளங்குதே?"

நெடுந்தீவுக் கிளை என்றால் எல்லோருக்கும் பயம். நாள்தோறும் குறிகட்டுவான் துறையில் லோஞ்ச் படகு ஏறவேண்டும். காற்று எழும்பினால் குடல் வாய்க்கு வந்துவிடும்.

"உது விசர்க்கதை அண்ணை!"

சந்தேகத்தை அடியோடு தீர்த்துவிடுவோம் என்று அவள் அறிவித்தல் பலகையில் எழுதிப் போட்டாள்: 'இரத்த அழுத்த (பிறசர்) சோதனைக்கும் இடமாற்றத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.' அவ்வளவுதான், வினை வந்தது.

காசாளர் தர்சினி அதை வாசித்துவிட்டு வாயைப் பொத்தினாள்.

"ஒருத்தரும் கேக்காததுக்கு ஏன் மறுமொழி? அப்ப விஷயம் உண்மைதான்! நல்ல சுகமாயிருக்கிற ஆளைத்தான் நெடுந்தீவுக்கு அனுப்பப்போகினம்!"

சோதனைக்கு எல்லோரும் வந்தார்கள். வருமுன் கருவாட்டுப் பொரியலைத் தின்று, கடுங்கோப்பி குடித்து, கந்தோரைச் சுற்றி ஓடிவிட்டு வந்தார்கள். சோதிக்க வந்த தாதி பயந்துபோனாள்.

"இவ்வளவு பேரும் எப்பிடி உயிரோடை நடமாடுகினம்?"

பிரியவதனிக்கு மட்டும் பிறசர் அச்சொட்டாகச் சரியாக இருந்தது. வேதநாதன் அதைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டார்.

பங்குனி வந்தது. இம்முறை அவள் விடுவதாக இல்லை.

"நயினை அம்மாளிட்டைப் போறதுக்கும் சந்தேகமே?"

நயினாதீவுக் கோயில் அம்மாளோடு யார் விளையாடுவார்? எல்லோரும் குறிகட்டுவானுக்கு வந்து லோஞ்சில் ஏறினார்கள். ஏறிய கையோடு மார்க்கண்டு பலகையில் நீட்டி நிமிர்ந்து படுத்தார்.

"ஐயோ, தலை சுத்துது!"

"அண்ணை, லோஞ்ச் இன்னும் வெளிக்கிடேல்லை!"

நயினாதீவிலேயே பிறந்து, வள்ளத்தில் பள்ளிக்கூடம் போய் வளர்ந்த மனிதர் அவர். பக்கத்தில் தர்சினி தேசிக்காயை மூக்கில் பிடித்துக்கொண்டு ஓங்காளித்தாள். மற்றவர்கள் கையிலும் சத்தி எடுக்க ஆளுக்கொரு பை. கோயிலுக்குப் போகிற சனம் சேலையைத் தூக்கிக்கொண்டு தள்ளி இருந்தது.

பிரியவதனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தக் கூத்தை வைத்துக்கொண்டு நிரந்தரம் எங்கே கிடைக்கப்போகிறது?

"பாருங்கோ, எனக்கு ஏதும் செய்யுதே? என்ன சுகமான காத்து!"

முன்பக்கத்தில் எழுந்து நின்று, எல்லோருக்கும் வாங்கிய வடையை அவளே தின்று காட்டினாள். போகும்போதும் தின்றாள், திரும்பும்போதும் தின்றாள்.

குறிகட்டுவானில் மற்றவர்கள் ஒருவரையொருவர் பிடித்து முனகிக்கொண்டு இறங்கினார்கள். கடைசியாக அவள் துள்ளி இறங்கினாள். காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் ஓடிவந்து அவளுடைய பையை மரியாதையாக வாங்கிக்கொண்டார்.

"நீங்கள் ஆர் ஐயா?"

"நான் முருகேசு, மிஸ். நெடுந்தீவுக் கிளைக் காவலாளி."

பின்னால் ஓங்காளம் சட்டென்று நின்றது. மார்க்கண்டு நிமிர்ந்து நின்று வேட்டியைச் சரிசெய்தார்.

"வேதநாதன் ஐயா போனிலை சொன்னவர் மிஸ், லோஞ்சாலை ஆர் சத்தி எடுக்காமல் சிரிச்சுக்கொண்டு இறங்குகினமோ, அவையை எங்கடை கிளைக்கு நிரந்தரமாக்கியாச்சு எண்டு."