ஒற்றைக் காசில் முடித்தேன் அண்ணே

கிள்ளான்,
புரட்டாசிக் கடைசி.

செலாயாங் பாசாரில் காய்கறிக் கடைக்கும், கோயில் கமிட்டிக்கும், எங்கள் குடும்பம் மொத்தத்துக்கும் தலைவராக விளங்கும் அன்பு அண்ணன் திருமுருகன் அவர்களுக்கும் அண்ணி அவர்களுக்கும், தம்பி அழகிரி பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கு நானும் உஷாராணியும் கல்யாணப் பெண் தாமரையும் சுகம். அங்கு உங்கள் சர்க்கரையும் அண்ணியின் முட்டியும் சொன்ன பேச்சு கேட்டு நடக்கின்றனவா என்று அறிய ஆவல்.

இந்தக் காலத்தில் எவன் கடிதம் எழுதுவான் என்று நினைப்பீர்கள். போன் போட்டால் நீங்கள் ஸ்பீக்கரில் வைத்துவிட்டு வெண்டைக்காய் நிறுக்கிறீர்கள். என் குடும்ப விஷயத்துக்குப் பக்கத்துக் கடை தக்காளிக்காரர் பதில் சொல்கிறார். அதனால்தான் இடது கை ஒற்றை விரலால் கம்ப்யூட்டரில் எழுத்து எழுத்தாகத் தட்டுகிறேன். தாமரை ஆபீசில் பிரிண்ட் எடுத்துத் தபாலில் சேர்ப்பாள்.

விஷயம் இதுதான். தை மாதக் கல்யாணத்தில் தாமரையை நான்தான் தாரை வார்த்துக் கொடுக்கப் போகிறேன். அதற்காக நீங்கள் வாங்கி வைத்திருக்கும் பட்டு வேட்டியைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம். பிரிக்காமல் இருந்தால் வாங்கிக்கொள்வார்கள். நீங்கள் பிரித்துக் கட்டிப் பார்த்துக் கண்ணாடி முன் நின்றதாக அண்ணி சொன்னாராம். அது எனக்கு வருத்தம்தான். இருந்தாலும் பழைய மடிப்பிலேயே மடித்தால் கடைக்காரனுக்குத் தெரியாது.

சித்திரையில் எனக்கு ஸ்ட்ரோக் வந்ததிலிருந்து நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். கால் திரும்பியது. பேச்சு திரும்பியது; அது இன்னும் கொஞ்சம் மெதுவாகத் திரும்பியிருக்கலாம் என்பது உஷாவின் கருத்து. வலது கை மட்டும் மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி சும்மா உட்கார்ந்திருந்தது. தெலுக் பங்லிமா காராங் ஃபேக்டரியில் அத்தனை வருஷம் மெஷின் பழுது பார்த்த கை, ஒரு தேக்கரண்டியைப் பிடிக்காது. அப்புறம் நம் வீட்டில் அந்த ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. பெண்ணின் கையை என் வலது கையில் ஏந்தி, அதன் மேல் வெற்றிலையும் தேங்காயும் வைத்து, உஷா தண்ணீர் வார்க்க, நான் மாப்பிள்ளை கையில் கொடுக்க வேண்டும். தாமரை கையை வைத்தாள், தேங்காயை வைத்தாள், என் கை அப்படியே சரிந்தது. தேங்காய் உருண்டு போய் சம்பந்தி அம்மாளின் கால் பெருவிரலில் இடித்து நின்றது. உடைந்திருந்தாலாவது நல்ல சகுனம் என்று சமாளித்திருக்கலாம். அதுவும் உடையவில்லை. அப்போது நீங்கள்தான் எழுந்து, "தம்பி, நீ ஒண்ணும் கவலைப்படாதலா. பெரியப்பா நான் இருக்கேன்ல, நானும் அண்ணியும் பாத்துக்கிறோம்" என்றீர்கள். நல்ல மனசோடுதான் சொன்னீர்கள். எல்லாரும் உடனே பாயசம் குடிக்கப் போய்விட்டார்கள். ஆனா அண்ணே, அன்னிக்கு எனக்கு ஒரு வாய் இறங்கலை. ஒரே பொண்ணு. பெத்தவன் குத்துக்கல்லாட்டம் உயிரோட உக்காந்திருக்க, வேற ஒருத்தர் கையில இருந்து அவ போறதா? அது நீங்களா இருந்தாலும் சரி.

ஹாஸ்பிட்டலில் கைப்பயிற்சி கொடுக்கும் சுமையா என்ற பெண் எனக்கு ஒரு ரப்பர் பந்து கொடுத்து அமுக்கச் சொல்லியிருந்தாள். இரண்டு தடவை அமுக்கினால் எனக்குக் கோபம் வந்துவிடும், மூன்றாவது தடவை பந்து ஜன்னல் வழியாகக் கீழ் வீட்டுக் கார் மேல் போய்விடும். "அங்கிள், வேண்டாவெறுப்பா செஞ்சா கை வராது, ஆசைப்பட்டு செய்யற வேலையா ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள். உஷா பக்கத்தில் இருந்ததால் யோசித்துப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. சின்ன வயதில் பஸ் ஸ்டாண்ட் மாடியில் வீடியோ கேம் கடையில் விமானம் ஓட்டிச் சுடுவோம், அது பிடிக்கும் என்றேன். இதைத் தாமரை போய் மாப்பிள்ளை ஜீவனிடம் சொல்ல, அந்தப் பையன் மறுவாரமே சுங்கை வேயிலிருந்து ஒரு டப்பாவோடு வந்து நின்றான். சோப்பு டப்பா அளவுதான் இருக்கும், டிவியில் மாட்டினால் அந்தக் காலத்து மெஷின் எல்லாம் அதற்குள் இருந்து எழுந்து வருகிறது. எமுலேட்டராம். "பழைய மெஷின் இல்லாமலே, இந்த டப்பா அந்த மெஷின் மாதிரி நடிக்கும் அங்கிள்" என்றான். கூடவே ஒரு பலகை. இடது பக்கம் விமானத்தைத் திருப்பக் குச்சி, வலது பக்கம் சுடுவதற்குப் பித்தான். பித்தானை அழுத்திப் பிடித்தால் சுட்டுக்கொண்டே இருக்கும், விட்டால் நின்றுவிடும். என் விரல் அழுத்தும், பிடிக்காது. சுமையாவிடம் காட்டினேன். "இதைத்தான் அங்கிள் நான் பந்துல சொல்லிட்டு இருந்தேன்" என்றாள்.

நான் சும்மா இருப்பேனா? உட்கார்ந்தேன். பலகை மடியிலிருந்து வழுக்கியதால் அயர்ன் பண்ணும் மேசையில் சேலைத் துணியால் கட்டினேன். அது உஷாவின் புதுச் சேலை என்று பிறகுதான் தெரிந்தது. பலகையில் காசு என்று ஒரு தனிப் பித்தான் இருக்கிறது. செத்தால் அதைத் தட்டினால் போதும், டிவிக்குள் ஒரு காசு விழும், செத்த இடத்திலேயே மறுபடி உயிர் வரும். பையில் கை விட வேண்டியதில்லை, அண்ணனிடம் கெஞ்ச வேண்டியதில்லை. செத்தேன், தட்டினேன், செத்தேன், தட்டினேன். இப்படியே கடைசிக் கட்டத்தில் வருகிற பறக்கும் கோட்டை வரை போய் அதையும் உடைத்துவிட்டேன்! உடனே குடும்ப வாட்சப் குரூப்பில், முடித்துவிட்டேன், கை வந்துவிட்டது, தாரை வார்ப்பது நானே என்று போட்டேன். நீங்கள் கட்டைவிரல் படம் போட்டீர்கள். ஜீவன் மட்டும் நேரில் வந்து, தலையைச் சொறிந்துகொண்டு, "அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்க, காசு தட்டித் தட்டி முடிச்சா அது முடிச்ச கணக்கு இல்லைங்க. ஒரே காசுல முடிக்கணும், அதான் ரூல்" என்றான்.

"எவன் போட்ட ரூல்?"

"இந்த கேம் ஆடற எல்லாரும் அப்படித்தான் அங்கிள் சொல்வாங்க. இல்லன்னா யார் வேணா முடிச்சிடலாம்லா."

வருங்கால மாமனாரிடம் பேசுகிற பேச்சா இது? நான் சும்மா விடவில்லை. கார் லைசென்சை நீ ஒரே தடவையில் வாங்கினாயா என்று கேட்டேன். வாங்கினானாம். என் பெண்ணிடம் ஒரே தடவையில் சம்மதம் வாங்கினாயா என்று கேட்டேன். அவன் தாமரையைப் பார்த்தான், தாமரை கூரையைப் பார்த்தாள், உஷா என் முழங்காலில் கிள்ளினாள். ஆத்திரத்தில் நான் எழுந்து, "சரிடா, தீபாவளிக்குள்ள ஒரே காசுல முடிச்சுக் காட்டுறேன். முடிச்சா நான் தாரை வார்க்கிறேன், முடிக்கலைன்னா எங்க அண்ணன் செய்யட்டும்" என்று சாமி படத்தைத் தொட்டுச் சத்தியம் செய்துவிட்டேன். உஷா, "யாரும் கேக்காம நீங்களா போயி எதுக்குங்க சத்தியம் பண்றீங்க?" என்று அழவே ஆரம்பித்துவிட்டாள்.

அன்றிலிருந்து பட்ட பாடு அந்த முருகனுக்குத்தான் வெளிச்சம். உஷா ராகு காலம், எமகண்டம் பார்த்துத்தான் டிவியைப் போட விடுவாள். சுடு சுடு, கொல்லு கொல்லு என்று நான் கத்தியதைக் கேட்டு மேல்வீட்டு வள்ளியம்மா அக்கா, நான் உஷாவை என்னவோ செய்கிறேன் என்று கரண்டியோடு ஓடி வந்துவிட்டார். விஷயம் தெரிந்ததும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, தினமும் வந்து "இடது பக்கம் தம்பி, இடது பக்கம்!" என்று தப்பான பக்கமாகவே சொல்லிக்கொடுக்கிறார். ஒரு நாள் கடைசிக் கோட்டைக்கு முந்தின கட்டம் வரை ஒரே காசில் போய்விட்டேன் அண்ணே, கை அழகாக வருகிறது, அப்போது பார்த்து உஷா கெட்டிலையும் ரைஸ் குக்கரையும் அயர்ன் பெட்டியையும் ஒன்றாகப் போட்டாள். ஃபியூஸ் போயி வீடே இருட்டு. இன்னொரு நாள் கோட்டையே வந்துவிட்டது. அப்போது பக்கத்தில் வைத்திருந்த போன் அலறுகிறது. யார் என்று பார்த்தால் நீங்கள். எடுக்காமல் விட்டால் கோபித்துக்கொள்வீர்கள் என்று பார்வையைத் திருப்பினேன், செத்தேன். போனை எடுத்தால், "தம்பி, தாரை வார்க்கும்போது ஜிப்பா போடணுமா, வெறும் துண்டு போதுமா?" என்று கேட்கிறீர்கள். துண்டு போதும் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது உங்களுக்குக் கேட்டிருக்காது, தக்காளிக்காரர் பேசிக்கொண்டிருந்தார். அன்னிக்குக் கையை மடியில போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். வராதோன்னு முதல் தடவையா பயந்துட்டேன்.

ஆனால் பகவான் இருக்கிறார். நேற்றுக் காலை, பசியாறிவிட்டு, நல்ல நேரத்தில் உட்கார்ந்தேன். என்ன சொல்வேன்! என் கை சொன்ன பேச்சைக் கேட்டது. நான் அழுத்துகிறேன் என்ற எண்ணமே இல்லை, குண்டு மழையாகப் பொழிகிறது. ஒரு கட்டம், இன்னொரு கட்டம், கோட்டை வந்தது, வள்ளியம்மா அக்கா இடது என்றார், நான் வலது போனேன், கோட்டை பொடிப்பொடியாகச் சிதறியது. ஒரே காசு. காசுப் பித்தானை உஷா தன் கையால் மூடிக்கொண்டிருந்தாள், அவளே சாட்சி. தாமரை ஆபீசிலிருந்து வீடியோவில் பார்த்துவிட்டு, "அப்பா! அப்பா!" என்று கத்தியதில் அவளுக்கு மேலே வேலை வாங்கும் மண்டோர் வந்து எட்டிப் பார்த்தாராம். நானும் உஷாவும் கட்டிப் பிடித்து அழுதோம். வள்ளியம்மா அக்கா இருக்கிறாரே என்றுகூடப் பார்க்கவில்லை.

ஆகவே அண்ணே, தம்பி சொல்வதைத் தவறாக நினைக்காமல், கல்யாணத்தன்று நீங்கள் முதல் வரிசையில் காற்றாடிக்குக் கீழே அமர்ந்து அட்சதை போட்டால் போதும். மேடை வேலை எதுவும் உங்களுக்கு வைக்கவில்லை. கடைப் பையன்களுக்கும் தக்காளிக்காரருக்கும் என் விசாரிப்பைச் சொல்லவும். அண்ணி அவர்களின் பாதங்களுக்கு எங்கள் மூவரின் நமஸ்காரம். பிள்ளையார் உங்கள் இருவரையும் நீண்ட ஆயுளோடும் அளவான சர்க்கரையோடும் வைத்திருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒற்றைக் காசில் முடித்த தம்பி,
அழகிரி.

பின்குறிப்பு: மேலே எழுதியதை அழித்துவிட வேண்டும். ஒற்றை விரலால் மூன்று மணி நேரம் தட்டியதை அழிக்க மனசு வரவில்லை. பிரிண்ட் எடுப்பதற்குள் இன்று சாயங்காலம் ஜீவன் என் ஆட்டத்தைப் பார்க்க ஆசையாக வந்தான். ஆடிக் காட்டினேன். கொஞ்ச நேரம் டிவியைப் பார்த்தான், அப்புறம் பலகையைப் பார்த்தான், "அங்கிள், வலது கையைக் கொஞ்சம் எடுங்க" என்றான். எடுத்தேன். விமானம் தன்பாட்டுக்குச் சுட்டுக்கொண்டே இருக்கிறது.

நடந்தது என்னவென்றால், முந்தாநாள் ஆயுத பூஜைக்கு உஷா காருக்கு, வாஷிங் மெஷினுக்கு, மிக்சிக்கு, என் கைத்தடிக்கு என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தவள், இந்தப் பலகைக்கும் வைத்திருக்கிறாள். பெரிய பித்தானுக்கு நடுவில் கொஞ்சம் தாராளமாகவே வைத்திருக்கிறாள். நேற்றுப் பொட்டைத் துடைத்துவிட்டுத்தான் ஆடினேன். உள்ளே வழிந்து இறங்கிய சந்தனம் காய்ந்து, பித்தான் அமுங்கியபடியே ஒட்டிக்கொண்டுவிட்டது. நேற்றுக் கோட்டையை உடைத்தது சந்தனம். என் கை விருந்தாளி மாதிரி மேலே உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான்.

உஷா, "அய்யோ, நானே கெடுத்துட்டேனே" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். ஜீவன், "பரவால்லைங்க அங்கிள், அதைக் கணக்குல எடுக்க வேணாம், முடிச்ச மாதிரிதான்" என்றான். தாமரை என் முகத்தைப் பார்க்கவே இல்லை. எனக்கு வந்ததே கோபம்! எல்லாரும் வாயை மூடுங்க, ஸ்க்ரூ டிரைவர் எங்கேன்னு கேட்டேன். பலகையைக் கவுத்தேன். திருகாணியைக் கழட்டினேன், மூடியை எடுத்தேன், சந்தனத்தைச் சுரண்டிப் பஞ்சு வெச்சுத் துடைச்சேன், மறுபடி மூடித் திருகாணியைப் போட ஆரம்பிச்சேன். என்னடா இவ்வளவு அமைதின்னு நிமிர்ந்து, "என்ன?"ன்னேன்.

உஷா மெதுவா கேட்டா: "என்னங்க, எந்தக் கையில திருப்புறீங்க?"

குனிஞ்சு பார்த்தேன் அண்ணே. வலது கை. பார்த்த உடனே ஸ்க்ரூ டிரைவர் நழுவிக் கீழே விழுந்துடுச்சு. அப்புறம் எடுத்து எத்தனை தடவை முயற்சி பண்ணினாலும் வரலை. கடைசித் திருகாணி இன்னும் மேசை மேலதான் கிடக்கு.

அதனால, சத்தியத்தை முருகன்கிட்ட நான் பேசிக்கிறேன், நீங்க பட்டு வேட்டியைத் திருப்பிக் கொடுக்காதீங்க. கட்டிக்கிட்டு மேடையில என் வலது பக்கம் ஒட்டி நில்லுங்க. தேங்காய் சரிஞ்சா பிடிச்சுக்குங்க. ஆனா சரியற வரைக்கும் தொடாதீங்க. அப்புறம் ஒண்ணே ஒண்ணு. அந்த நேரத்துல நான் என் கையைப் பார்த்துடக் கூடாது. என் காதுக்குள்ள எதையாவது பேசிக்கிட்டே இருங்க அண்ணே.