உப்புத்தாள் அண்ணாச்சியும் எங்கள் தேக்குப் பெஞ்சும்

சங்கரன்கோவிலில் பழைய மரச்சாமான் வைத்திருந்த அத்தனை பேரும் ஒருமுறையாவது "வேண்டாம்" என்று கையெடுத்துக் கும்பிட்ட ஒரே மனிதர், எங்கள் பக்கத்து வீட்டு உப்புத்தாள் அண்ணாச்சிதான். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைத்திருப்பார்கள். இவர் மரம் தேய்க்கும் உப்புத்தாள் வைத்திருப்பார்.

ரிட்டயர் ஆனதும் எந்தப் பாவியோ போனில் ஒரு வீடியோவைக் காட்டித் தொலைத்துவிட்டான். பழைய நாற்காலியின் வார்னிஷைத் தேய்த்தெடுத்து, வெள்ளைப் பெயிண்டில் தண்ணீர் கலந்து பூசி, காய்வதற்குள் துணியால் துடைத்தால் வெள்ளைக்குள்ளே மரத்தின் ரேகை தெரியும். அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. தன் வீட்டோடு நிறுத்தித் தொலைக்கலாமில்லையா? கட்டில், ஸ்டூல், சப்பாத்திப் பலகை வரை வெளுத்துவிட்டுத் தெருவில் இறங்கிவிட்டார். துட்டி கேட்கப் போன சாவு வீட்டில், உட்கார்ந்திருந்த நாற்காலியை நகத்தால் சுரண்டி, "நல்ல மரம்லா, ஏன் இப்படிக் கறுப்படிச்சுப் போட்டிருக்கீய?" என்று கேட்டவர்.

இன்னொரு வியாதியும் உண்டு. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முன்னால் தெருக்கோயில் சுவருக்கு வருஷா வருஷம் வெள்ளையடித்துக் காவிப் பட்டை போடுவது அவர்தான். வெள்ளையாக எதைப் பார்த்தாலும் அந்தக் கை சும்மா இருக்காது.

என் மகளைப் பெண் பார்க்கச் சிவகிரியிலிருந்து வருவதாக இருந்தது. முன்பு வந்த இடங்களெல்லாம் தட்டிப்போய், பிள்ளை சரியாகச் சாப்பிடாமல் கிடந்தாள். இதாவது அமையவேண்டுமே என்று நான் வேண்டாத சாமியில்லை. முந்தின நாள் குருவிகுளத்தில் ஒரு கல்யாணம். குழாயில் தண்ணீர் வந்தால் பிடித்து வைக்கச் சொல்லி அண்ணாச்சியிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனோம்.

மறுநாள் காலையில் வந்து கதவைத் திறந்தால், குடத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் உட்கார நான் துடைத்து வைத்திருந்த தேக்குப் பெஞ்சு வெள்ளைவெளேரென்று, கால் முதல் சாய்மானம் வரை காவிப் பட்டையோடு நிற்கிறது.

"என்னவே செஞ்சு வச்சிருக்கீரு?" மரியாதையெல்லாம் பறந்துவிட்டது.

"நல்ல காரியம் நடக்கப் போகுதுல்லா. வெறும் வெள்ளையா இருந்தா மூளியா இருக்கும். எல்லாம் காஞ்சாச்சு, தொட்டுப் பாரும்."

"வெளிய போம்வே. இனிமே இந்த வாசப்படிய மிதிச்சீரு, நான் மனுசனா இருக்கமாட்டேன்."

உப்புத்தாளைப் பையில் செருகிக்கொண்டு போனார். பெஞ்சைப் பார்த்து மகள் அழுதாள். துடைத்துப் பார்த்தோம், போகவில்லை.

அதற்குள் சிவகிரிக்காரர்கள் வந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா முதலில் உள்ளே வந்தார். பெஞ்சைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சாமி பீடத்தை நடுவீட்டுலயே வச்சிருக்கீயளே." பின்னால் வந்தவர்களும் வரிசையாகக் கும்பிட்டார்கள்.

"அது பெஞ்சுதான், உக்காருங்க" என்றேன்.

"சும்மா இருங்கண்ணே. பட்டை போட்டதுல எப்படி உக்கார?"

எல்லோரும் தரையில் பாய் விரித்து உட்கார்ந்தோம். இறுக்கமான ஜீன்ஸ் போட்டிருந்த மாப்பிள்ளைக்குச் சம்மணம் போட வரவில்லை, குப்புறச் சாய்ந்துவிட்டார். காபியோடு வந்த என் மகள் பக்கென்று சிரித்துவிட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. ஆனால் மாப்பிள்ளையும் சிரித்தார். "சிரிச்ச மொகமா இருக்கா, எங்களுக்குப் பிடிச்சிருக்கு" என்றார் அவர் அம்மா.

கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்து மணமேடையின் காலை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தவர் யார் என்று சொல்லவேண்டியதில்லை.

அண்ணாச்சி இப்போது கோயம்புத்தூரில் மகன் வீட்டில் இருக்கிறார். ஊர்ப்பக்கம் ஒரு எட்டு வந்துபோகத் தோன்றாத மனுஷன். போன வாரம் கோபம் தாங்காமல் போன் போட்டேன்.

"பெஞ்சுல பட்டை மங்குது. அரைகுறையா வேலை பாத்துட்டு அங்கன போய் உக்காந்துகிட்டா என்ன அர்த்தம்? வந்து சரிபண்ணித் தொலையும்வே."

"மங்குதா? அப்ப ஞாயித்துக்கெழம வாரேன்" என்றார்.

பட்டையெல்லாம் மங்கவில்லை. போட்ட அன்றைக்கு இருந்தது மாதிரியேதான் இருக்கிறது.