‘நம்முடையது’ என்று அமுக்கிய மாப்பிள்ளை

ஊரான் மென்பொருளை ஊட்டி வளர்த்தால் தன் மென்பொருள் தானே வளரும் என்று நம்பியவன் நான். வளர்ந்தது. என் கல்யாண வரவேற்பையே விழுங்கும் அளவுக்கு வளர்ந்தது.

பாகூரில் நான் கணினி மையம் வைத்திருக்கிறேன். (மையம் என்றால் இரண்டு கணினி, ஒரு ஜெராக்ஸ் மிஷின், மனமிருந்தால் சுற்றும் ஒரு மின்விசிறி.) பக்கத்துக் கல்யாண மண்டபத்து மேனேஜர் தனசேகர் அண்ணன் முன்பதிவுக்கு ஏதாவது செய்து கொடு என்றார். யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று குளிர் நாட்டுக்காரர்கள் சிலர் இணையத்தில் விட்டுவைத்திருந்த ஒரு மென்பொருளை இறக்கினேன்.

அதில் ஒரு வினோதம். அவர்களுடைய நாள் நள்ளிரவில் பிறந்து நள்ளிரவில் செத்துவிடுகிறது. நம் ஊரில் கல்யாண நாள் முதல் நாள் மதியமே பிறந்துவிடும். பெண் அழைப்பு, வரவேற்பு, காலையில் முகூர்த்தம், பந்தி எல்லாம் முடிந்து அண்டா கழுவிக் கவிழ்த்தால்தான் அது சாகும். ஆகவே உள்ளே புகுந்து, மதியம் மூன்றிலிருந்து மறுநாள் மூன்று வரை ஒரு நாள் என்று திருத்தினேன். அன்று கண்ணாடியில் என்னைப் பார்த்து நானே வணக்கம் வைத்தேன்.

ஆனால் மென்பொருளை இணையத்தில் விட்ட அந்த மேல்மடைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அடிக்கடி புதுப் பதிப்பைத் திறந்துவிடுவார்கள். கடைமடைக்காரன் நான் வாங்கித்தான் ஆக வேண்டும். வாங்காவிட்டால் பழைய ஓட்டைகள் அடையாது. ஒவ்வொரு முறையும் என் திருத்தங்களைக் கழற்றி ஓரமாக வைத்து, புதுப் பதிப்பின் மேல் ஒவ்வொன்றாக மாட்டுவேன். இரண்டும் முட்டிக்கொள்ளும் இடத்தில் கணினி கேட்கும்: ‘நம்முடையது’ இருக்கட்டுமா, ‘அவர்களுடையது’ இருக்கட்டுமா?

என் கல்யாணம் நெருங்கும் நேரத்தில் அப்படிக் கேட்டது. மாப்பிள்ளை கெத்து வேறு. நம்முடையதை விட்டுக்கொடுப்பதா? ‘நம்முடையது’ என்று அமுக்கிவிட்டு, கோட்டு தைக்க அளவு கொடுக்கப் போய்விட்டேன். (சோதித்துப் பார்த்தாயா என்று கேட்காதீர்கள். கோட்டையே போட்டுப் பார்க்கவில்லை.)

வரவேற்பன்று மாலை பெண் வீட்டு வேன் அதே மண்டபத்து வாசலில் வந்து நின்றது. உள்ளே மேளம், கூட்டம். மேடையில் பூவால் எழுதிய பலகை: ‘செல்வி தர்ஷினி மஞ்சள் நீராட்டு விழா.’ நான் கட்டிக்கொள்ளவிருந்தவள் பெயர் கலைவாணி.

“இன்னாண்ணே இது?” என்று தனசேகர் அண்ணனிடம் ஓடினேன்.

“போன்லயே புக் பண்ணாங்கப்பா. கம்ப்யூட்டரு காலின்னு குடுத்துடுச்சி. உன் கல்யாணம், உன் கம்ப்யூட்டரு. நீயே இன்னாவோ பேசி வெச்சிருப்பேன்னு வுட்டுட்டேன்.”

மாமனார் வேனை விட்டு இறங்கவில்லை. “வண்டிய திருப்புப்பா. ஒரு மண்டபம் புடிக்கத் தெரியாதவன் எம்பொண்ண எப்பிடி வெச்சிக் காப்பாத்துவான்?”

கலைவாணி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். ஆர்வமாகப் பார்த்தாள்.

“அந்த சாப்ட்வேர் யாரு செஞ்சது?”

“பாதி வெளிநாட்டுக்காரங்க.”

“மீதி?”

கோட்டுப் பொத்தானைப் போடப் பார்த்தேன். அதுவும் சேரவில்லை.

டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டார். அந்த நேரத்தில் தர்ஷினியின் அம்மா, வந்தது தங்கள் விருந்தாளிகள் என்று நினைத்துச் சந்தனத் தட்டோடு வெளியே வந்தார். விஷயத்தைச் சொன்னதும் வேன் ஜன்னலில் மாமனாரிடம் தட்டை நீட்டினார்.

“ரெண்டும் நல்ல காரியந்தானேண்ணா. எம்பொண்ண மேடைய வுட்டு எறக்கிட்டு உங்க பொண்ண ஏத்துங்க. வாசல் வரிக்கும் வந்துட்டு சந்தனம் எடுக்காமப் போவாதீங்க.”

நீட்டிய சந்தனத்தை மறுக்க மாமனாருக்குக் கை வரவில்லை. தொட்டு வைத்துக்கொண்டார். இறங்கினார். என் கல்யாணமும் இறங்கியது. பலகையை மட்டும் பூக்காரர் கழற்றித் தரவில்லை. வரவேற்பு ஆல்பம் முழுக்க நாங்கள் மஞ்சள் நீராட்டு விழாவில்தான் நிற்கிறோம்.

கணினியில் நாள் மறுபடி நள்ளிரவில் பிறந்திருந்தது; முகூர்த்தத்துக்கு முதல் நாள் மாலை காலி என்று அது காட்டியது அதனால்தான். நம்முடையது என்றுதானே அமுக்கினேன், அவர்களுடையது எப்படி வந்தது? இந்தக் கேள்வி என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. விருந்துக்கு மாமியார் வீட்டுக்குப் போயிருந்தபோது கலைவாணி சொன்னாள்:

“நம்ம வூட்டு மோட்டார் ஓடலியாம். இன்னான்னு பாருங்க.”

“அதப் பாக்க பாகூர் வரிக்கும் போவணுமா?”

“இங்க வந்துட்டா இதான் நம்ம வூடு. உங்களுது அவங்க வூடு.”

எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது. என் திருத்தங்களைக் கழற்றிவிட்டு நான் போய் நின்றது அவர்கள் பதிப்பின் மேல். அங்கே நிற்பவனுக்கு ‘நம்முடையது’ என்றால் அவர்களுடையது. வெளியிலிருந்து வரும் என் திருத்தம்தான் ‘அவர்களுடையது’. கணினி என்னை வீட்டோடு மாப்பிள்ளையாக்கியிருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை.

மேல்மடைக்காரர்களுக்கு எழுதினேன். “உங்கள் ஊரில் நாள் ஏன் மதியம் தொடங்குகிறது?” என்று கேட்டார்கள். பெண் அழைப்பில் ஆரம்பித்து அண்டா வரை விளக்கினேன். நாள் எப்போது தொடங்கலாம் என்பதை அவரவரே வைத்துக்கொள்ள அவர்களே வசதி செய்துவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது முட்டலே இல்லை.

ஆனால் ஆல்பம் இருக்கிறதே. அதைப் பார்த்த தூரத்துச் சித்தப்பா ஒருவர் இன்றும் என் மனைவியைத் தர்ஷினி என்றுதான் கூப்பிடுகிறார். அவளும் “சொல்லுங்க மாமா” என்கிறாள்.

இத்தனை வருஷம் கழித்து, போன மாதம் நிஜத் தர்ஷினியின் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க அவள் அம்மா வந்தார். தட்டை என்னிடம் நீட்டிச் சொன்னார்:

“கம்ப்யூட்டரு இல்லாத மண்டபமாப் பாத்துதான் புடிச்சிருக்கோம். நீங்க தைரியமா வரலாம் தம்பி.”