முழங்கால் வலிக்குக் கீரை என்ன செய்யும்?

உடம்பில் எது பழுதானாலும் தன்னைத் தவிர உலகத்தில் உள்ள எல்லாவற்றின் மேலும் பழிபோடுகிற ஓர் இனம் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். இந்தோனேசியாவின் ஜாவாவில், கிளாத்தென் என்ற ஊர்ப் பக்கம், அந்த இனத்தின் அசல் மாதிரி பாக் சுவொண்டோ. 'பாக்' என்றால் அங்கே 'ஐயா'. வயது அறுபத்து நான்கு, எடை தொண்ணூற்றிரண்டு கிலோ, பத்து வருடமாகத் தெருத்தலைவர். அந்தப் பதவிக்கு மறுபடி தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது.

காலையில் எழுந்ததும் இடது முழங்கால் மடங்க மறுக்கும்; பத்து நிமிடம் நடந்தால் வழிக்கு வரும். படியில் இறங்கினால் உயிர் போகும். உட்கார்ந்து எழுந்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்கும். அதிகம் நடந்த நாளில் சாயங்காலம் வீங்கிவிடும். ஒரு சொட்டு ரத்தம்கூடச் சோதிக்காமல் அவர் தீர்ப்பு எழுதிவிட்டார்: யூரிக் ஆசிட். அந்தத் தெருவில் யாருக்கு எந்த மூட்டு வலித்தாலும் யூரிக் ஆசிட்தான். அதை ஏற்றிவிடும் குற்றவாளிகள் பசலைக்கீரையும் மெலிஞ்ஜோ கொட்டையில் தட்டிய அப்பளமும். இரண்டுக்கும் வீட்டில் தடை. எண்ணெயில் பொரித்த தெம்பே என்கிற சோயாக் கட்டி ஆறு துண்டுக்கும், மூன்று கரண்டி சர்க்கரை போட்ட தேநீருக்கும் தடையில்லை.

"கீரைய நிறுத்தி எட்டு மாசமாச்சு. வலி நின்னுச்சா?" என்றாள் மனைவி லாஸ்மி.

"அறுபது வருசமா தின்னது எட்டு மாசத்துல போயிடுமா?"

லாஸ்மி நச்சரித்து அவரைச் சுகாதார நிலையத்துக்கு இழுத்துப்போனாள். டாக்டர் நிக்கென் ரத்தம் எடுத்தார், எக்ஸ்ரே எடுத்தார்.

"யூரிக் ஆசிட் சரியாத்தான் இருக்கு பாக். மூட்டுக்குள்ள மெத்தை மாதிரி இருக்கிற குருத்தெலும்பு தேஞ்சுபோச்சு. வயசு ஒண்ணு, எடை ஒண்ணு. முன்னாடி முழங்கால்ல அடி பட்டிருக்கா?"

"வாலிபால்ல விழுந்திருக்கேன். மாவட்ட அணி!"

"அதுவும் சேர்ந்துக்கிச்சு. எடையக் குறைங்க, தொடைக்குப் பயிற்சி சொல்லித்தரேன். தரையில உக்காராதீங்க, நாற்காலியில உக்காருங்க."

தேய்மானமா? தேய்வதற்கு அவர் என்ன செருப்பா? யூரிக் ஆசிட் என்றால் நன்றாகச் சாப்பிட்டவனுக்கு வருவது, அதில் ஒரு கௌரவம் உண்டு. அதோடு நாற்காலி! அந்தத் தெருவில், ஓதிச் சோறு கொடுக்கும் கந்தூரிகளில் ஆண்கள் பாயில் உட்காருவார்கள். சுவரோரம் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகள் முடிந்துபோனவர்களுக்கு. அங்கே ஒருமுறை உட்கார்ந்தவரிடம் யாரும் யோசனை கேட்பதில்லை, நலம் மட்டும் விசாரிப்பார்கள். ஓட்டு எங்கிருந்து வரும்?

ஆகவே தேர்தலுக்கு முந்தின ஞாயிறு பிற்பகல், அதே தெருவில் துகிஜோ வீட்டுக் கந்தூரியில் அவர் பாயில்தான் சம்மணமிட்டார். ஓதி முடிந்தது, எல்லாரும் சோற்றுப் பொட்டலத்தோடு கிளம்பினார்கள். பாக் சுவொண்டோ எழப் பார்த்தார், கால் ஒத்துழைக்கவில்லை. சரி, கூடம் காலியாகட்டும், தூணைப் பிடித்து எழலாம் என்று புன்னகையோடு காத்திருந்தார். எல்லாரும் போனார்கள், ஒருவரைத் தவிர. தேர்தலில் அவரை எதிர்த்து நிற்கிற பாக் கார்சிடி.

"கிளம்பலையா பாக்?"

"நீங்க முதல்ல. தலைவர் இருக்கும்போது நான் முந்துறதா?"

"பரவால்ல, போங்க."

"அவசரமில்ல."

அரை மணி நேரம் இந்த மரியாதை நடந்தது. உட்கார உட்கார மூட்டு இறுகிக்கொண்டே போயிற்று. துகிஜோ கொட்டாவி விட்டார். அவர் மனைவி தார்மி எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டு பேருக்கும் நாற்காலி போடட்டுமா?"

"வேண்டாம்!" என்று இருவரும் ஒரே குரலில் அலறினார்கள்.

அவள் போனதும் கார்சிடி குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்கு எந்தக் கால்?"

"இடது. உங்களுக்கு?"

"ரெண்டும். எல்லாம் இந்தப் பாழாப்போன கீரை."

"மெலிஞ்ஜோவ விட்டுட்டீங்களே!"

பகை கரைந்தது. ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பற்றி, ஒன்று, இரண்டு, மூன்று என்று இழுத்தார்கள். பாதி எழுந்து, நூற்று எழுபது கிலோவும் சேர்ந்து பாயில் சாய்ந்தது. சத்தம் கேட்டுத் தெருவே வாசலில் கூடிவிட்டது. தார்மி இரண்டு நாற்காலிகளை இழுத்துவந்தாள். நான்கு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி அவர்களை அதில் வைத்தார்கள். பாக் சுவொண்டோவுக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. நாற்காலி சுகமாக இருந்தது என்பதுதான் அதைவிடப் பெரிய அவமானம்.

மறுவாரம் தெரு தார்மியைத் தலைவியாகத் தேர்ந்தெடுத்தது. கீரைதான் தன்னைத் தோற்கடித்தது என்று பாக் சுவொண்டோ இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சிரித்தாயிற்றா? சரி, எழுந்திருங்கள். கை மேசையைத் தேடவில்லையே? வாய் "அம்மாடி" என்று சொல்லவில்லையே? சொல்லியிருந்தாலும் கவலை வேண்டாம். நேற்றுச் சாப்பிட்ட உருளைக்கிழங்காகத்தான் இருக்கும்.